மூன்றாவது எழுத்து

நவம்பர் 3, ஞாயிறு

நேற்று மாலை விழுந்த இடியில் சாந்தாமணியின் லேப்டாப் போய்விட்டது. மழை வந்தால் சார்ஜரைப் பிடுங்கி வை என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்றால் எனக்கு நானேதான். இந்த வீட்டில் பிளக்கைப் பிடுங்கக் கை உள்ள ஆள் பகலில் நர்ஸ் ஷைனி, மற்ற நேரத்தில் நான்.

பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பழுது என்றால் தேதி போட்டு எழுதி வைப்பது பழக்கம். அதனால் இந்த நோட்டு.

சாந்தாமணி என் மனைவி. வயது நாற்பத்தெட்டு. தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய். முதலில் வலது கை, பிறகு கால்கள், போன ஆடி மாதம் நாக்கு. இப்போது அசைவது கண் மட்டும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. திரைக்கு அடியில் ஒரு கேமரா இருக்கிறது. அவள் ஓர் எழுத்தை ஒரு விநாடி உற்றுப் பார்த்தால் அது பதிவாகும். கடைசியில் 'பேசு' என்ற கட்டத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அதில்தான் இத்தனை நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கடுகு கருகுது, எந்த உலகத்துல இருக்கீங்க" என்பாள். குழாய் வழியாகச் சாப்பிடுகிறவளுக்கு என் தாளிப்பில் என்ன அக்கறை என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். இன்று கடுகு கருகியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேமரா பிழைத்துவிட்டது. லேப்டாப்பின் போர்டு மட்டும் கருகியிருக்கிறது. மகள் பிரவீணா புனேயில் வேலை பார்க்கிறாள். மினி பிசி என்று குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை வருமாம்.

அதுவரைக்கும் பழைய எழுத்து அட்டையைத் தேடி எடுத்துச் சுவரில் ஒட்டினேன். நான் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். சரியான எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடித் திறப்பாள். மூடினால் ஆமாம். மேலே பார்த்தால் இல்லை. அட்டையையே பார்த்தால் 'நான் பேச வேண்டும்'. ஷைனி பாலக்காட்டுக்காரி, தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்து வரிசை தெரியாது. வீடியோ காலில் கண் சிமிட்டுவது சரியாகத் தெரிவதில்லை என்று பிரவீணாவும் கைவிட்டுவிட்டாள். ஆக அட்டைக்கு நான் ஒருவன்தான்.

எனக்கும் அந்த அட்டைக்கும் ஆகாது. இரண்டு எழுத்து வந்தாலே மீதி எனக்குத் தெரிந்துவிடும். 'தலை' என்றால் தலையணைதானே, இதற்கு எதற்கு முழுக்கக் கூட்டிக்கொண்டு? நானே முடித்துவிடுவேன். அவள் முறைப்பாள்.

நவம்பர் 5, செவ்வாய்

நுரையீரல் டாக்டர் இந்துமதியிடம் போனோம். ஊதச் சொன்னார்கள். ஊதுவதற்கு வாயே ஒத்துழைக்கவில்லை. வேறு ஏதோ குழாய் வைத்து அளந்தார்கள். சாந்தாமணியைச் சக்கர நாற்காலியிலேயே ஷைனியோடு வெளியே விட்டுவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர்.

"மூச்சு ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ராத்திரி போடற மாஸ்க் இனி அதிக நாள் தாங்காது. தொண்டையில ஓட்டை போட்டு மெஷின்ல இணைச்சா இன்னும் சில வருஷம் இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் மெஷின் இல்லாம இருக்கவே முடியாது. வேண்டாம்னா, மூச்சு முட்டாம, வலி இல்லாம பாத்துக்க மருந்து இருக்கு. பதினெட்டாம் தேதிக்குள்ள எனக்கு முடிவு தெரியணும். அவங்க முடிவு."

"போட்டுடலாங்க டாக்டர்" என்றேன்.

"நான் உங்களைக் கேக்கல. அவங்களே சொல்லணும்."

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திருக்கேன். அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"உங்களுக்குத் தெரியறது வேற. அவங்க சொல்றது வேற" என்றார். என் மகளை விட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். பேச்சைப் பார்.

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "ஓட்டை போட்டுக்கலாமா சாந்தா?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தாள். பேச வேண்டுமாம்.

"இரு. வியாழக்கிழமை மெஷின் வந்துடும். அதுல நிம்மதியா சொல்லு" என்றேன்.

நவம்பர் 6, புதன்

தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வரட்டுமா என்று பிரவீணா கேட்டாள். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த மென்பொருளெல்லாம் ஏற்ற விடமாட்டார்கள், வீணாக லீவு போடாதே என்று சொல்லிவிட்டேன். தன் தேவாலயத்துப் பாதரிடம் ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, கேட்டு வாங்கி வரட்டுமா என்று ஷைனியும் கேட்டாள். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு? நாளைக்கு நம்முடையதே வந்துவிடப் போகிறது.

நவம்பர் 7, வியாழன்

வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கிறது. பிரித்துத் திருப்புளி போட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கூடு. மெமரியும் இல்லை, டிஸ்க்கும் இல்லை.

பிரவீணாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"இல்லீங்கப்பா, பழைய லேப்டாப்புல இருக்கறதையே கழட்டி மாட்டிக்கலாம்னு நெனச்சேன். அம்மாவோட செட்டிங்கெல்லாம் அந்த டிஸ்க்லதானே இருக்கு" என்றாள்.

டிஸ்க் அச்சாகப் பொருந்தியது. மெமரிதான் பொருந்தவில்லை. நீள அகலம் ஒன்றுதான். ஆனால் அடியில் இருக்கும் வெட்டு ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. பழையது டிடிஆர் நாலு, புதியது கேட்பது டிடிஆர் அஞ்சு. ஒரு தலைமுறை மாறினால் வேறு பள்ளம். தவறிப்போய் யாரும் அழுத்தி மாட்டிவிடக் கூடாது என்றுதான் வெட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு. கோபத்திலும் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

சாந்தாமணி கட்டிலில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

காந்திபுரத்தில் முபாரக் என்பவர் கடை. தங்கமான மனுசன், பொறுமையாகக் கேட்டார். டிடிஆர் அஞ்சு, லேப்டாப்புக்கான குட்டை ரகம், இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கட்டிலருகே இருந்த டிவியைத் திரையாக இணைத்தேன். பட்டனை அமுக்கினேன். வெள்ளை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. முப்பது வரை எண்ணினேன், அணைத்தேன். மறுபடி போட்டேன். கறுப்பு. எட்டு முறை போட்டுப் பார்த்தேன். டிவி வயரை மாற்றிப் பார்த்தேன். வேறு திரையில் இணைத்துப் பார்த்தேன். கறுப்பேதான்.

"வந்துச்சா சார்?" என்று ஷைனி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

முறைப்படி சோதனை. முதலில் இரண்டு துண்டையும் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். இந்த ஊரில் மெமரிக்கு முதல் வைத்தியம் அதுதான். கறுப்பு. பிறகு ஒரே ஒரு துண்டு, முதல் பள்ளம். கறுப்பு. அதே துண்டு, இரண்டாம் பள்ளம். கறுப்பு. மற்ற துண்டு, முதல் பள்ளம். கறுப்பு. போர்டில் இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி மாட்டினேன். கறுப்பு.

ஒவ்வொரு முறையும் முப்பது எண்ணினேன். இரண்டு முறை அறுபதுகூட எண்ணினேன். பம்பு ஓடவில்லை என்றால் முதல் ஐந்து விநாடியிலேயே தெரிந்துவிடும். நம் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

சாயங்காலம் சாந்தாமணி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருப்புளியைக் காட்டி, "உனக்காகத்தானே இத்தனை பாடு படறேன். ரெண்டு நாள் பொறு" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் ஆள் வேண்டும் அவளுக்கு. துடைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பதினேழு முறை. கறுப்பு.

நவம்பர் 11, திங்கள்

மினி பிசி கம்பெனிக்காரர்களே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், எந்தெந்த மெமரி இதில் பொருந்தும் என்று. நான் வாங்கியதன் நம்பர் அதில் இல்லை. அப்படிப் போடு! இதுதான் காரணம் என்று துள்ளிக்கொண்டு முபாரக் கடைக்கு ஓடினேன். பட்டியலில் இருக்கும் நம்பராகவே, வேகம் ஒரு படி குறைந்தது, மாற்றிக் கொடுத்தார்.

கறுப்பு.

"சார், ஓடிட்டிருக்கும்போதே ஆஃப் பண்ணாம, கொஞ்ச நேரம் விட்டுப் பாத்தா என்ன?" என்றாள் ஷைனி. உனக்கு ஊசி போடுவதைப் பற்றி நான் எப்போதாவது சொல்லித் தந்தேனா என்று கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது. பிறகு வருத்தமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று அட்டையில் பேசினாள்.

மத்தியானம் ஷைனி சாப்பிடப் போயிருந்தாள். காலையிலிருந்தே சாந்தாமணி அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் மெய் எழுத்து வரிசை. க், ங், ச் என்று சொல்லிக்கொண்டே போனேன். 'வ்' வந்ததும் கண்ணை மூடித் திறந்தாள். அடுத்து உயிர் வரிசை. அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. மூடித் திறந்தாள். 'வே'. மறுபடி மெய் வரிசை. 'ண்' என்றதும் மூடித் திறந்தாள்.

வேண்.

"வேண்டும்! அதானே? மெஷின் வேண்டும்ங்கற, அதானே சாந்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

மூடினால் ஆமாம். அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்ட கணக்குதான். திறக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். திறக்கவில்லை. களைப்பாக இருக்கும். போர்வையை இழுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அவங்களே சொன்னாங்களா?"

"அவளே சொன்னா டாக்டர். எழுத்துக் கூட்டிச் சொன்னா."

பதினெட்டாம் தேதி காலை சேர்க்கச் சொன்னார். பிரவீணாவுக்கும் சொன்னேன். போனிலேயே அழுதாள். சந்தோஷத்தில்தான். எனக்கும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

நவம்பர் 13, புதன்

முபாரக் அவராகவே கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, வந்துச்சுங்களா?"

"எங்கீங்க. அதே கறுப்புதான்."

"ஆன் பண்ணிட்டு எத்தன நேரம் விடறீங்?"

"முப்பது செகண்டு. மிஞ்சினா ஒரு நிமிசம்."

"அட என்னங்ணா நீங்க! இது டிடிஆர் அஞ்சுங். புது மெமரி போட்டா மொதத் தடவ போர்டும் மெமரியும் ஒண்ணுக்கொண்ணு பழகிக்கோணும். அது முடியற வரைக்கும் திரை கறுப்பாத்தான் கெடக்கும். பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசங்கூட ஆகும். நீங்க பாதில பாதில அமுத்தீட்டா அது பாவம் மறுபடி மொதல்ல இருந்தல்ல ஆரம்பிக்கோணும்? மெமரி மேல ஒரு குத்தமும் இல்லீங். மொதல்ல வாங்குனதுங்கூட சரியாத்தான் இருந்திருக்கும். போட்டுட்டு ஒரு கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்தொரு வருட அனுபவம் பேசுகிறேனே நான். ஐம்பது முறைக்கு மேல் அமுக்கியிருக்கிறேன்.

உடனே போட்டிருக்கலாம். ஆனால் ஷைனி குளிப்பாட்டும் நேரம். அப்புறம் சாப்பாட்டு நேரம். அப்புறம் பிசியோதெரபிக்காரர் வந்துவிட்டார். நாளைக்குப் பார்க்கலாம்.

சாந்தாமணி காலையிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே பல்லி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஃபேன் காற்று கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று வேகத்தைக் குறைத்தேன். குறைத்த பிறகும் மேலேயே பார்க்கிறாள். என் முகத்தை ஒரு முறை, கூரையை ஒரு முறை.

நவம்பர் 14, வியாழன்

ஷைனி மருந்து வாங்கப் போன நேரத்தில் மினி பிசியைப் போட்டேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு நிமிடம் விட்டேன். பிறகு அணைத்துவிட்டேன். பழக்கதோஷம். வரவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

கரண்டும் ஒரு நிலையாக இல்லை, ஏறி இறங்குகிறது. புது மெஷினை இப்படி வைத்துப் பாழாக்கக் கூடாது. அவள் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லிவிட்டாளே. இனி என்ன அவசரம்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கயிறு மாதிரி இருந்த வயரைச் சுற்றி, பெட்டியில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். உதடு நீலம். ஷைனி மூச்சுப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்திக்கொண்டே வந்தாள், ஆம்புலன்ஸில் அவள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் கால் பக்கம் உட்கார்ந்து சாமியெல்லாம் கூப்பிட்டேன்.

டாக்டர் இந்துமதி வாசலிலேயே கேட்டார். "கடைசியா கேக்கறேன். இது அவங்க விருப்பம்தானே?"

ஷைனி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்!

நவம்பர் 17, ஞாயிறு

பிரவீணா வந்துவிட்டாள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். "அம்மா தைரியசாலிங்கப்பா. நானா இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். நான் காபி வாங்கப் போய்விட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

கண் திறக்கிறாள். யாரையும் பார்ப்பதில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தலைமாட்டில் மெஷின், இரண்டு பேட்டரி, சளி உறிஞ்சும் பம்பு. நிமிடத்துக்குப் பதினாலு மூச்சு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வீட்டில் வேறு ஒன்றும் கேட்பதில்லை.

ஆமாம், இல்லை இரண்டையுமே சாந்தாமணி விட்டுவிட்டாள். கேள்வி கேட்டால் கண்ணை நேராக வைத்துக்கொள்கிறாள். பிரவீணா அட்டையை எடுத்து வைத்து அரை மணி நேரம் எழுத்துச் சொன்னாள். சாந்தாமணி ஓர் எழுத்துக்கும் அசையவில்லை.

"ஏனுங்கப்பா, அந்த மினி பிசி என்னாச்சு?"

"மெமரி சேரல கண்ணு. ரெண்டு மூணு தடவ மாத்தியும் பாத்தாச்சு. போர்டே கோளாறு போல இருக்குது."

"அப்ப திருப்பி அனுப்பிட்டு வேற போடறேன்."

"இப்ப வேண்டாம். அம்மா கொஞ்சம் தேறட்டும்."

ஷைனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று ஒன்றும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நவம்பர் 14 பதிவில் ஒரு வரியை விட்டுவிட்டேன். அன்றைக்கு ஏழாவது நிமிடத்தில் திரையில் வெளிச்சம் வந்தது. கம்பெனி சின்னம் வந்தது, கீழே புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. சாந்தாமணி கட்டிலில் இருந்து அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் அசைய ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பட்டனை அமுக்கினேன். பழக்கதோஷம் இல்லை. பயம். அவள் பேசிவிடுவாள் என்ற பயம்.

இன்று காலை சளிக் குழாய் வாங்க வெளியே போனேன். பிரவீணா மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். திரும்பி வந்தபோது வெராந்தாவிலேயே அந்தக் குரல் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்காத கம்ப்யூட்டர் குரல். செருப்பைக் கழற்ற முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே ஷைனி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். "நான் அலமாரியில இருந்து எடுத்து ஆன் பண்ணிட்டு அம்மாவுக்கு டிரஸ்ஸிங் பண்ணப் போயி சார். முடிஞ்சு பாத்தா வந்திருந்தது" என்றாள். குரலில் மன்னிப்பெல்லாம் இல்லை. கேமராவைச் சரியாகத் திரைக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாந்தாமணி என்னைப் பார்க்கவில்லை. எழுத்துகளைப் பார்த்தாள். கீழே கம்ப்யூட்டர் தானாக நீட்டும் சொற்களையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அவளே வைத்தாள்.

"வேண்டாம்னு சொல்ல வந்தேன்" என்றது குரல்.

"சாந்தா, அன்னிக்கு எனக்குப் புரியல…"

ஒரே ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். "புரிஞ்சுது."

மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "நீ கண்ண மூடுனியே சாந்தா. மூடுனா ஆமாந்தானே" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் எழுத ஆரம்பித்தாள். நீளமான வாக்கியம். பாதியில் இரண்டு முறை ஓய்வெடுத்தாள். நான் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரின்னு மூடல. உங்க மூஞ்சியப் பாக்க முடியல. அதான் மூடினேன்."

அழுதேன். அவள் மடியில் தலையை வைத்து, அறிவு கெட்டவன் மாதிரி சத்தம் போட்டு அழுதேன். நீ இல்லாமல் நான் என்னடி பண்ணுவேன், இந்த வீட்டில் யாரிடம் திட்டு வாங்குவேன் என்றெல்லாம் உளறினேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அது என் உண்மை. தலைக்கு மேல் அந்தக் குரல் மறுபடி பேசியது.

"சாகப் பயமில்லை. இப்படிக் கிடக்கத்தான் பயந்தேன். அது உங்களுக்குத் தெரியும்."

தெரியும். எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு நோய்க்குப் பெயர் தெரிந்த அன்றைக்கே, நாக்கு இருந்தபோதே, பஸ்ஸில் வரும்போது சொன்னாள். அதையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண் மறுபடி திரைக்குப் போனது.

"பிரவீணாவக் கூப்பிடுங்க. நானே சொல்லணும்."

என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் பட்டன் இருந்தது. எழுதுவது என்று ஆகிவிட்டது, இதையும் எழுதிவிடுகிறேன்: அதை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். மறுபடி மெமரி போய்விட்டது என்று சொன்னால் பிரவீணா நம்புவாள். அவள் எப்போதும் என்னை நம்புகிறவள்.

எழுந்து மாடிப் படிக்கு அடியில் நின்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டதும் இறங்கி வந்தாள். திரையைப் பார்த்ததும் "ஐயோ அம்மா!" என்று ஓடிப்போய் சாந்தாமணியின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "வேலை செய்யுதா! எப்படிங்கப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

"உட்காரு கண்ணு. அம்மா உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்றேன். என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றேன்.

சாந்தாமணி எழுத ஆரம்பித்தாள். 'அப்பா' என்று வந்தது. பிறகு கண்ணை மூடி ஓய்வெடுத்தாள். மெஷின் இருபது முப்பது மூச்சு விட்டிருக்கும். பிறகு அடுத்த எழுத்து வந்தது. 'பொ'.

பிரவீணா சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் மகள். என்னை மாதிரியேதான் அவளும்.

"அப்பா பொறுப்பா பாத்துக்கறாங்கன்னு சொல்ற. அதானேம்மா?"

சாந்தாமணி மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு" என்றேன். "நீ குறுக்க பேசாத. அவ முடிக்கட்டும்."